திறந்தவெளி இசைக்கருவிகள்: எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டும்படி அமைப்பது எப்படி?

பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் நிலையாக நட்டுவைக்கும் இசைக்கருவிகளைக் குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அத்தகைய கருவிகளைச் செய்து நிறுவிவரும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஊஞ்சலுக்கு அருகே, மணற்பரப்பின் நடுவில் ஒரு பெரிய சைலோஃபோனை (வரிசையாக அடுக்கிய கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி) நட எண்ணுகிறோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் அதை வாசிக்க வேண்டும். கருவியில் என்ன மாற்றம் தேவை?

பதில்: கருவியைவிட முதலில் தரையைக் கவனியுங்கள். மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் அந்தப் பிள்ளை அதைத் தொலைவிலிருந்து பார்க்கத்தான் முடியும். நுழைவாயிலிலிருந்து கருவி வரை படியோ மேடுபள்ளமோ இல்லாத கெட்டியான பாதை வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலைகள் இதற்கு நல்ல அளவுகளைத் தருகின்றன: நாற்காலி நிற்பதற்கு 76 செ.மீ. அகலமும் 122 செ.மீ. நீளமும், முழுதாகத் திரும்புவதற்கு ஏறக்குறைய 152 செ.மீ. விட்டமும், விளையாட்டு மேசையின் அடியில் முழங்கால் நுழைய 61 செ.மீ. உயரமும் 43 செ.மீ. ஆழமும் இருக்க வேண்டும். கருவியின் நடுவில் ஒற்றைத் தூண் வைத்தால் கால் இடிக்கும். இரு முனைகளிலும் தூண்களை வைத்தால் நடுப்பகுதி முழுவதும் காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் நின்று வாசிக்கும்படி அமைத்தால் இன்னும் நல்லது. நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு எதிரே இன்னொரு பிள்ளை நின்று கோலைப் பிடிக்கும்போதுதான் விளையாட்டு தொடங்குகிறது.

கேள்வி: பயிற்சியே இல்லாத குழந்தைகள் கண்டபடி தட்டினால் வெறும் இரைச்சல்தானே வரும்?

பதில்: ஏழு சுரங்களையும் வைத்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கலாம். ஐந்து சுரங்களை மட்டும் வைத்துப் பாருங்கள். மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த ஆகிய ஐந்தில் எந்த இரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லாததால், எவற்றைச் சேர்த்துத் தட்டினாலும் காதை உறுத்தும் உரசல் எழுவதில்லை. 1924இல் மியூனிக்கில் தொடங்கிய பள்ளியில் குழந்தை இசைக்கல்விக்கு வழிவகுத்த ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் இதே அடிப்படையைத்தான் பின்பற்றினார். அவருடைய முறையில் பயன்படும் சைலோஃபோன்களில் கட்டைகளைத் தனித்தனியே கழற்றலாம் என்பதால், ஆசிரியர் வேண்டாத சுரங்களை எடுத்துவிட்டுக் கருவியைக் குழந்தையிடம் கொடுக்கிறார்.

நம் இசையில் இதற்கு ஒரு கூடுதல் சுவை உண்டு. அதே ஐந்து கட்டைகளில் ரிஷபத்தை (ரி) ஆதார ஷட்ஜமாகக் (ச) கொண்டால் மத்தியமாவதி, காந்தாரத்தைக் (க) கொண்டால் இந்தோளம், பஞ்சமத்தைக் (ப) கொண்டால் சுத்த சாவேரி, தைவதத்தைக் (த) கொண்டால் சுத்த தன்யாசி என வேறு ராகங்கள் பிறக்கும். சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகத்தை அலுமினியக் கட்டையில் தேட முடியாது என்று பாட்டு ஆசிரியர் ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அது உண்மைதான், ஆனால் பூங்காவில் நடுவது கச்சேரிக் கருவி அன்று.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பணம் குறைவு. நாங்களே செய்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே விட்டமும் ஒரே தடிமனும் கொண்ட அலுமினியக் குழாயை வாங்குங்கள். இரு முனைகளும் கட்டப்படாத குழாயில், அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதனால் மேல் ஸ்தாயி ஷட்ஜத்துக்குக் குழாயைப் பாதியாக வெட்டக் கூடாது, ஏறக்குறைய 0.707 பங்காக வெட்ட வேண்டும். கீழ் ஷட்ஜம் 60 செ.மீ. என்று வைத்தால், ரி 56.6, க 53.7, ப 49.0, த 46.5, மேல் ச 42.4 செ.மீ. ஆகும். ஒவ்வொன்றையும் சற்றுக் கூடுதலாக வெட்டி, ஒலியைக் கேட்டுக் கேட்டு அரத்தால் ராவிச் சுருதி சேருங்கள்; குறைத்த நீளத்தைத் திரும்பக் கூட்ட முடியாது. தொங்கவிடும் துளையை முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில், அதாவது 60 செ.மீ. குழாயில் 13.4 செ.மீ. தள்ளி இடுங்கள். அந்த இடத்தில் குழாய் ஏறக்குறைய அசைவதில்லை என்பதால் கயிறு ஒலியை விழுங்காது. அந்த இடத்தை விட்டுத் தள்ளிக் கட்டினால் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். வெட்டிய விளிம்புகளைக் கட்டாயம் மழுங்கச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் காது கேட்காது. அவளுக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: அதிர்வு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தாளக்கலைஞர் ஈவ்லின் கிளென்னி சிறு வயதிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். அதிர்வை உணர்வதற்காகப் பெரும்பாலும் வெறுங்காலுடன் வாசிப்பவர். கீழ்ச்சுரங்களின் அதிர்வு உடலில் நன்றாகத் தெரியும் என்பதால் பெரிய முரசு ஒன்றையும் சேருங்கள். அதை உள்ளீடற்ற மரமேடைமேல் வைத்தால், காலிலும் நாற்காலியின் சட்டத்திலும் தாளம் ஏறும். அந்த மேடையும் தரைமட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் பையன் கூட்டமும் சத்தமும் கூடினால் காதைப் பொத்திக்கொள்கிறான்.

பதில்: எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் குவிப்பதுதான் பெரும்பாலான பூங்காக்கள் செய்யும் தவறு. முரசுகளை ஒரு மூலையிலும், மென்மையாக ஒலிக்கும் குழாய் மணிகளைச் செடிகள் சூழ்ந்த வேறொரு மூலையிலும் வையுங்கள். கோல்முனை ரப்பராக இருந்தால் ஒலியின் கூர்மை மட்டுப்படும். கூட்டம் சேருமுன் காலையில் அழைத்து வாருங்கள். தட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: கைப்பிடிப் பலம் குறைந்தவர்களுக்கு?

பதில்: கோலின் பிடியைத் தடிமனாக்கி, கையோடு சேர்த்துக் கட்ட வெல்க்ரோ பட்டை வையுங்கள். உள்ளங்கையால் தட்டும் கருவி ஒன்றாவது இருக்கட்டும். கோலைக் கருவியோடு பிணைக்கும் கம்பி, கழுத்தைச் சுற்ற முடியாதபடி குட்டையாக இருப்பது அவசியம்.

கேள்வி: நம் ஊர் வெயிலையும் மழையையும் தாங்குமா?

பதில்: அலுமினியம் தாங்கும், குழந்தையின் கைதான் தாங்காது. சித்திரை வெயிலில் உலோகம் சுடும். வேப்பமர நிழலோ கூரையோ இல்லாத இடத்தில் நட வேண்டாம். ஒலியைப் பெருக்கக் கட்டைகளுக்கு அடியில் பொருத்தும், அடிப்பக்கம் மூடிய ஒலிக்குழாய்களில் மழைநீர் தேங்கினால் சுருதி மாறுவதோடு கொசுவும் பெருகும். அடியில் நீர் வடியச் சிறு துளை இடுங்கள். ஆணி, கயிறு, கோல்முனை ஆகியவற்றை மாதம் ஒருமுறை சரிபார்க்க ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். நிறுவும் செலவைக் கணக்கிடும்போதே இதற்கான தொகையையும் ஒதுக்கிவிடுங்கள்.