மலிவு டிக்கெட், இரண்டு மூன்று நாள், ஒரே நகரம்: கேள்வி பதில்

பட்ஜெட் விமானத்தில் போய் ஒரு நகரத்தைச் சுற்றிவிட்டு வருவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பை அளவு, எடை மாதிரியான விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கும் அன்று அந்த ஏர்லைனின் சொந்தத் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள்? பாதுகாப்பில் கை வைக்கிறார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பராமரிப்பு, விமானிக்கு ஓய்வு நேரம், இதெல்லாம் பெரிய ஏர்லைனுக்கு என்ன விதியோ இவர்களுக்கும் அதே விதி. மிச்சம் பிடிப்பது வேறு இடத்தில். விமானம் பறந்தால்தான் வருமானம். தரையில் நின்றால் செலவு. அமெரிக்காவின் பட்ஜெட் ஏர்லைன் சவுத்வெஸ்ட் 1971இல் பறக்கத் தொடங்கியது. அடுத்த வருடமே பண நெருக்கடியில் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. சேவையைக் குறைக்க மனமில்லை. மீதி மூன்றை வைத்தே ஓட்ட, இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். இப்போது பத்து நிமிடம் நடக்காது. பட்ஜெட் ஏர்லைன்கள் பலவும் அரை மணி நேரத்தில் கிளப்பப் பார்க்கின்றன.

மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். ஒரே ரக விமானம் என்றால் விமானிப் பயிற்சி, உதிரிபாகம் எல்லாம் ஒரே கணக்கு. ஐரோப்பிய பட்ஜெட் ஏர்லைனான ரையன்ஏரின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்: சாயாது, முன்னால் வலைப்பை கிடையாது, பாதுகாப்புக் குறிப்பு முன்சீட்டின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். சாயாத சீட்டு பழுதாகாது. பை இல்லாத சீட்டில் குப்பை சேராது, பொறுக்க நேரமும் வேண்டாம்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதே விமானம் காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் போய் வருகிறது. காலையில் எங்கோ அரை மணி தவறினால் அந்தத் தாமதம் சாயங்காலம் வரை கூடவே வரும். அதனால் போகும்போது முடிந்தவரை நாளின் முதல் விமானத்தைப் பிடியுங்கள். தூக்கம் கெடும்தான். நாள் கெடாது.

கேள்வி: வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் ஒரு நகரத்தைப் பார்த்துவிட முடியுமா அண்ணா?

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மறந்துவிட்டு, வீட்டு வாசலிலிருந்து தங்கும் அறை வாசல் வரை எண்ணுங்கள். விமானம் ஒன்றரை மணி நேரம்தான் என்று வையுங்கள். ஏர்போர்ட் போக ஒரு மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, இறங்கி வெளியே வர ஒரு மணி, ஊருக்குள் போக ஒரு மணி. ஆறரை மணி ஆயிற்று. திரும்பி வரவும் அதே ஆறரை. பறக்கும் நேரம் மூன்று மணியைத் தொடும் ஊரென்றால் வெள்ளி-ஞாயிறு கணக்குக்கு ஒத்துவராது. ஒரு நாள் லீவு சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஊரைப் பாருங்கள். குளிர்காலத்தில் வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம் சொச்சம்தான்.

கேள்வி: 'பாரிஸ்' என்று போட்டு ரொம்ப மலிவாக ஒரு டிக்கெட் கிடக்கிறது. எடுக்கலாமா?

இறங்கும் ஏர்போர்ட் பெயரைப் பார்த்தீர்களா? பூவே என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஃப்ராங்க்ஃபர்ட்-ஹான் 120 கிலோமீட்டர். நகரத்தின் பெயர் ஒட்டியிருக்கும், நகரம் இருக்காது. தூரத்து ஏர்போர்ட் என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் கட்டணத்தையும் நேரத்தையும் டிக்கெட்டோடு கூட்டுங்கள். நள்ளிரவில் இறங்குவதாக இருந்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அது போய்விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்ஸிக்கே சரி. சில ஊரில் நிலைமை தலைகீழ். ரோமில் பட்ஜெட் விமானங்கள் இறங்கும் சம்பீனோதான், பெரிய ஏர்போர்ட்டான ஃப்யூமிசீனோவைவிட ஊருக்குக் கிட்டம்.

கேள்வி: கேபின் பேக் அளவு விஷயத்தில் நிஜமாகவே அவ்வளவு கறாரா?

கறார்தான். அவர்கள் வருமானத்தில் கூடுதல் கட்டணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் பை முக்கியமானது. முதலில் இலவசம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல ஏர்லைன்களில் இலவசம் என்பது சீட்டுக்கு அடியில் போகும் ஒரு சின்னப் பை மட்டும். தலைக்கு மேலே வைக்கும் டிராலிக்குத் தனிக் காசு. ரையன்ஏரில் அந்தச் சின்னப் பை 40×30×20 செ.மீ., ஈஸிஜெட்டில் 45×36×20. வேறு சில இடங்களில் அளவைவிட எடைதான் பெரிது: ஏழு கிலோ என்றால் கவுண்டரில் தராசிலேயே வைப்பார்கள்.

டேப்பால் அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, வெளிப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் பாட்டில் எல்லாம் சேர்த்தி. கடையில் 'கேபின் சைஸ்' என்று சீட்டு தொங்குவதை நம்பாதீர்கள், அது பெட்டியை மட்டும் அளந்ததாக இருக்கலாம். குறுகிய பயணத்துக்குச் சக்கரமே வேண்டாம் என்பது என் கட்சி. சக்கரமும் அதன் சட்டமும் ஒன்றரை, இரண்டு கிலோ தின்றுவிடும். துணிப் பை, ஏர்போர்ட்டில் பையை நுழைத்துப் பார்க்கும் அளவுக் கூண்டுக்குள் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் பெட்டி அமுங்காது. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

கூடுதல் பை வேண்டும் என்று தெரிந்தால் டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு சேர்த்தால் ஏறும், ஏர்போர்ட்டில் இன்னும் ஏறும், கேட்டில்தான் உச்சம்.

கேள்வி: பவர் பேங்க், ஷாம்பூ?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கும், சரக்கறையில் இருக்காது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவர் வரை என்றால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர். அளவு அச்சிடாத, எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஷாம்பூ, பெரும்பாலான ஏர்போர்ட்டுகளில் 100 மி.லி. பாட்டிலில். பாட்டில் அளவுதான் கணக்கு: 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

கேள்வி: பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (தேடல் வரலாறு சேமிக்காத முறையில்) தேடினால் விலை குறையும் என்கிறார்களே?

அதை நம்பி நேரம் போக்காதீர்கள். ஒரே விமானத்தின் சீட்டுகளைச் சில விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு. தேடும்போது விலை ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் நாலு பேர், கீழ் அடுக்கில் இரண்டு சீட்டுதான் மீதி என்றால், பல தளங்கள் நாலு பேருக்கும் மேல் அடுக்கு விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை வேறுபட்டால் இரண்டு இரண்டாக எடுக்கலாம். இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்) ஆகிவிடும்; சின்னக் குழந்தை இருந்தால் பெற்றவரோடு ஒரே பிஎன்ஆரில் வையுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு பொறி. 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமே' என்று அன்பாகக் கேட்கும். பெரும்பாலும் அந்த மாற்று விகிதம் உங்கள் வங்கியுடையதைவிட மோசம். டிக்கெட் எந்தப் பணத்தில் விலை போட்டிருக்கிறதோ அதிலேயே கட்டுங்கள்.

கேள்வி: இரண்டு மலிவு டிக்கெட்டை நடுவில் ஒரு ஊரில் இணைத்துப் போகலாமா? இடைவெளி 2 மணி நேரம்.

இரண்டு மணி போதாது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது ஏர்லைனைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வேறு நாடென்றால் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு விசா கேட்கலாம். பெட்டி இல்லாமலே நாலைந்து மணி நேரம் விடுங்கள். மூன்று நாள் பயணத்துக்கு நேர் விமானம் இல்லாத ஊரை நான் தொடவே மாட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பட்ஜெட் விமானம் சரிவருமா அக்கா என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

அக்கா இல்லை, அண்ணன்தான், பதில் சொல்கிறேன். பட்ஜெட் ஏர்லைன்கள் செலவை மிச்சம் பிடிக்க ஏரோபிரிட்ஜை (கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்துபோகும் பாலத்தை) தவிர்ப்பது உண்டு. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கி, படியேறச் சொல்வார்கள். அம்மாவுக்கு அது முடியாது. டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் உதவி கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னதாவது. 'படி ஏற முடியாது' என்ற தேர்வைத் தனியாகக் குறிக்க வேண்டும். வெறும் வீல்சேர் என்று போட்டால் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: மலிவு டிக்கெட் என்றால் தாமதத்துக்கு ஒன்றும் கேட்க முடியாதா?

விலைக்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பட்ஜெட் ஏர்லைனுக்கும் பொருந்தும். ரத்தானால் பணம் திரும்ப அல்லது மாற்று விமானம், எது வேண்டும் என்பது உங்கள் தேர்வு. காத்திருக்கும்போது சாப்பாடு, இரவானால் தங்க இடம். மற்ற நாடுகளில் விதி வேறு. டிக்கெட்டை இடைத்தரகர் தளத்தில் எடுத்திருந்தால் நேரமாற்ற மின்னஞ்சலும் ரீஃபண்டும் அவர்களிடம் போய்ச் சிக்கும். பட்ஜெட் விமானத்துக்கு நேரடியாக எடுப்பதே மேல்.

கேள்வி: மியூசியம், சிட்டி பாஸ், மெட்ரோ பாஸ் எல்லாம் முன்னாலேயே வாங்கணுமா?

வாங்கும் முன் எந்தக் கிழமை மூடல் என்று பாருங்கள். பாரிஸின் லூவ்ர் மியூசியம் செவ்வாய் விடுமுறை, அதே ஊரின் ஓர்சே மியூசியம் திங்கள். வத்திக்கான் மியூசியம் ஞாயிறு மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும், கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

சிட்டி பாஸில் அறுபது இடம் இருக்கும், நீங்கள் பார்ப்பது நாலு. அந்த நாலின் கட்டணத்தை மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள். போக்குவரத்து பாஸில் '24 மணி நேரம்' வேறு, 'ஒரு நாள்' வேறு. ஆம்ஸ்டர்டாமின் டிராம், பஸ், மெட்ரோ நிறுவனமான ஜிவிபியின் 24 மணி நேர டிக்கெட், கருவியில் முதலில் தட்டிய நேரத்திலிருந்து ஓடும். பாரிஸின் போக்குவரத்து அட்டையான நவிகோவின் வாரப் பாஸ் நீங்கள் எப்போது வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை இறங்குபவருக்கு அது ஆகாது.

கேள்வி: கடைசி நாள் 11 மணிக்கு அறையைக் காலி செய்யணும், விமானம் இரவு 9க்கு. பையோடு அலையணுமா?

அறையிலேயே கேளுங்கள், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஏர்போர்ட் பஸ் கிளம்பும் இடம் வேறு பக்கம் என்றால், பஸ் நிற்கும் ஸ்டேஷன் லாக்கரில் போடுவதே நல்லது. பை எடுக்க ஊரைக் குறுக்கே கடந்து வரும் ஒரு மணி நேரம் மிச்சம். லாக்கர் எத்தனை மணிக்கு மூடும் என்று போடும்போதே பார்த்துவிடுங்கள். வெப் செக்-இன்னை முந்தின இரவே முடித்துவிடுங்கள். கவுண்டரில் செய்தால் சில ஏர்லைன்கள் அதற்கும் காசு வாங்கும்.