வாசகர் கேள்வி – பதில்: ஃபனி கிரொஸ்பியின் பாட்டு

கேள்வி: கோயில் பாட்டுப் புத்தகத்தில் அமெரிக்க ஞானப்பாட்டுக் கவிஞர் ஃபனி கிரொஸ்பியின் பெயர் சில இடங்களில்தான் தென்படுகிறது. 8000 பாடல்கள் எழுதினார் என்பது மெய்யா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: மெய்தான். 1864இல் இசையமைப்பாளரும் பதிப்பாளருமான வில்லியம் பிராட்பரிக்காக ஞானப்பாட்டு எழுதத் தொடங்கியவர், 1915இல் 94 வயதில் இறந்தார். ஒரே பெயரால் புத்தகம் நிறைவதைப் பதிப்பாளர்கள் விரும்பாததால் ஏறக்குறைய 200 புனைபெயர்கள். பாட்டொன்றுக்குக் கிடைத்தது ஓரிரு டொலர். கைக்குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. பாட்டை மனத்துக்குள் கட்டி முடித்த பிறகே சொல்லி எழுதுவிப்பார். காதால் செதுக்கிய வரிகள் என்பதால்தான் இன்றும் வாயில் இடறாமல் வருகின்றன.

கேள்வி: ‘பிளெஸட் அஷூரன்ஸ்’ பாட்டைத் தமிழில் பாடினால் எங்கள் பாடகர் குழு இழுபடுகிறது. கீபோர்டில் 6/8 ரிதம் போடுகிறோம். எங்கே பிழை? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ரிதத்திலேயே பிழை. 1873இல் தோழியும் இசையமைப்பாளருமான ஃபீபி நாப் வாசித்துக் காட்டிய மெட்டுக்குக் கிரொஸ்பி சொல் போட்ட பாட்டு இது. மெட்டு 9/8: ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மூன்று பெரிய தட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சிறு தட்டு. 6/8இல் பெரிய தட்டு இரண்டே என்பதால், இரண்டாவது பாரிலேயே அழுத்தம் இடம் மாறி விழும். 3/4 வோல்ட்ஸ் ரிதம் போட்டு டெம்போவை (வேகத்தை) நிமிடத்துக்கு 180 தட்டில் வையுங்கள். ஒரு வோல்ட்ஸ் பாருக்கு ஒரு கையசைவு. மூன்று அசைவு சேர்ந்தால் ஒரு 9/8 பார்.

மற்றது சொல். வரியின் முதல் மூன்று சுரமும் குறுகியவை, அடுத்த இரண்டும் நீண்டவை. குறுகிய இடத்தில் ‘ஆனந்தம்’ வைத்தால் ஆ சுருங்கி ‘அனந்தம்’ என்று கேட்கும். நீண்ட இடத்தில் ‘மனம்’ வைத்தால் ‘மானம்’ ஆகிவிடும்! ‘எனது தேவன்’ போன்ற சொற்கட்டு அப்படியே உட்காரும்: எ-ன-து மூன்றும் குறில், தே நீளும், வன் தாங்கும். மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது அர்த்தத்தோடு குறில் நெடிலையும் பாருங்கள். முதலடி முடிவிலுள்ள நீண்ட சுரத்தை ஐந்து சிறு தட்டோடு விட்டு, ஆறாவதில் மூச்செடுக்க வேண்டும். ஆறையும் பிடித்தால் அடுத்த அடி பிந்தும்.

கேள்வி: நல்லடக்கத்துக்குக் கிரொஸ்பியின் பாட்டு எது பொருந்தும்? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: ‘சேஃப் இன் தி ஆம்ஸ் ஒஃப் ஜீசஸ்’. 1868இல் இசையமைப்பாளர் வில்லியம் டோன், ரயிலுக்கு 40 நிமிடமே இருக்கிறதென்று மெட்டோடு வந்து நிற்க, அதற்குள் எழுதிக் கொடுத்தது. கனத்தை மயானத்தில் வாத்தியமில்லாமல் பாடுவதென்றால் தொடக்கச் சுரத்தை ஒருவர் மட்டும், வழமையைவிடச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கட்டும். துக்கத்தில் தொண்டை மேலே ஏறாது.