ரயில் கேள்வி பதில்: சயாம் பாதை

கே: சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கி.மீ. பாதையை ஜப்பான்காரர்கள் ஒன்றேகால் வருஷத்துக்குள் போட்டுவிட்டார்களாமே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்கே பஞ்சம். அத்தனை தண்டவாளத்துக்கு எங்கே போனார்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

ப: பிடுங்கினார்கள் சார். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் காட்டுக்குள் ஓடிய பெரும்பகுதியைக் கழற்றினார்கள். தம்பினிலிருந்து மலாக்கா போன கிளைப்பாதையும் போயிற்று. பாலத்துக்கு வேண்டிய இரும்பு ஜாவாவிலிருந்து வந்தது. சயாம், மலாயா, பர்மா மூன்று இடத்திலும் மீட்டர் கேஜ்தான் (தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மி.மீ. இடைவெளி) என்பது அவர்களுக்குப் பெரிய சௌகரியம். ஜப்பானின் கேஜ் 1,067 மி.மீ. என்பதால், அங்கிருந்து வந்த 90 சி56 இன்ஜின்களுக்கு மட்டும் சக்கர இடைவெளியைக் குறுக்க வேண்டியிருந்தது.

அவசரம் ஏன் என்றால், 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் வாங்கிய அடிக்குப் பிறகு பர்மாவின் ரங்கூனுக்குக் கப்பலில் சரக்கு அனுப்புவது நாளுக்கு நாள் ஆபத்தாகிவிட்டது. வழியெல்லாம் நீர்மூழ்கிகள். அதனால் சயாம் பக்கத்திலிருந்து ஒரு ரயில்வே ரெஜிமெண்ட், பர்மா பக்கத்திலிருந்து இன்னொன்று என்று இரண்டு முனையிலும் வேலையைத் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17-ல் கொன்கொய்தாவில் இரண்டும் சேர்ந்தன.

தண்டவாளத்தை விடுங்கள், மற்றதைப் பாருங்கள். பாதை பராமரிப்பிலேயே பிழைப்பு நடத்தியவன் என்பதால் எனக்கு முதலில் உறுத்துவது தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைதான். பக்கத்துக் காட்டில் மரத்தை வெட்டி, ஈரம் காயாமலே பதித்தார்கள். பச்சை மரத்தில் அடித்த ஆணி, மரம் காய்ந்து சுருங்கியதும் ஆடத் தொடங்கும். ஆணி ஆடினால் கேஜ் விலகும். வண்டி எப்போது கீழே இறங்கும் என்று சொல்ல முடியாது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை தவிர எல்லாமே மரம். ஆற்றில் முளையடிக்க இயந்திரம் கிடையாது. பெரிய எடையைக் கப்பியில் கட்டி, ஒரு கூட்டமே கயிற்றைப் பிடித்து, 'இச்சி, நி' என்று ஜப்பானிய மொழியில் எண் சொல்லி இழுத்துத் தூக்கும். பிறகு ஒரேயடியாக விடும். இப்படி ஒவ்வொரு முளைக்கும். பாறை வெட்டுவதும் இதே கதைதான். ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். துளை ஆழமானதும் வெடிமருந்து. சிதறிய கல்லைக் கூடையில் அள்ளுவது வெறுங்கை.

ஆகவே 'ஆள் பற்றாக்குறை' என்று சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்பதில்லை. இயந்திரம் இல்லாத இடத்திலெல்லாம் போர்க் கைதி, தோட்டத் தொழிலாளி என்று ஆளை வைத்து அடைத்தார்கள். ஆள் செத்தால்தான் பற்றாக்குறை; அதற்கு இன்னும் ஆளைக் கொண்டுவந்தார்கள். 1943 பிப்ரவரியில், வருஷக் கடைசிக்கு என்றிருந்த கெடுவை ஆகஸ்டுக்கு இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பின்னாலேயே காலராவும் வந்தது.

கே: என் தாத்தாவின் அண்ணன் கித்தா (ரப்பர்) தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. நம் ஆட்கள் ஏன் போனார்கள்? அவர் பெயரை எங்கே தேடலாம்?
- ஒரு வாசகி, கிள்ளான்

ப: ஏன் போனார்கள் என்பதைவிட, போகாமல் இருக்க வழி இருந்ததா என்று பாருங்கள் அம்மா. ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவும் வேலை இல்லை. வெளியிலிருந்து வந்த அரிசி அற்றுப்போய், மரவள்ளிதான் சாப்பாடு. அந்த நிலையில் 'மூன்று மாசம், நாளுக்கு ஒரு டாலர், சாப்பாடு உண்டு' என்றால் யார்தான் யோசிப்பார்கள்? முதலில் போனவர்கள் திரும்பாததால் அடுத்த தடவை யாரும் தானாக வரவில்லை. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டு வாங்கினார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. கூட்ஸ் வண்டியில் சயாமின் பான்போங் வரை. அங்கிருந்து முகாமுக்குப் பலருக்குச் சேற்றில் நடைதான்.

நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளுக்கும் சோறு இல்லை, மருந்து இல்லை. ஆனால் கூடவே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கக்கூஸ் குழியை மூட வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். 1943 பாதிக்கு மேல்தான் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கைதி மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் வரிசையாக அடக்கம். நம்மவர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று கேட்டு எழுதி வையுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் தமிழிலும் இருக்கின்றன. தோட்டப் பெயர் கையில் இருந்தால் அவற்றைக் கேட்கும்போது பிடி கிடைக்கும்.

கே: காஞ்சனபுரியில் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பாலம் அசல்தானா?
- ஒரு வாசகர், கோவை

ப: வளைந்த மேற்புறம் உள்ள கர்டர்கள் ஜாவாவிலிருந்து வந்த அசல். நடுவே வளைவில்லாமல் கோண வடிவில் இருக்கும் இரண்டும், குண்டு வீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பிறகு வைத்தவை.

கே: போர் முடிந்ததும் அந்தப் பாதை யாருக்குப் போயிற்று?
- ஒரு வாசகர், மதுரை

ப: சயாம் பக்கத்துப் பாதையை பிரிட்டிஷார் 1946-ல் தாய்லாந்து அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்றார்கள். பாதைக்காகப் பறித்த சாமான்களுக்கு ஈடாக அண்டை நாடுகளுக்குக் கொடுக்கத்தான் அந்தப் பணம். தண்டவாளத்தை இழந்தவனுக்கு ஈடு உண்டு என்று முடிவு செய்தவர்கள், அண்ணன் தம்பியை இழந்த தோட்டக் குடும்பத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லையை ஒட்டிய மலைப் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். மீதியைத் தாய்லாந்து பழுது பார்த்து, 1958-ல் நாம்தோக் வரை திறந்தது. பாதை தொடங்கும் நோங் பிளாடுக்கிலிருந்து அங்கே 130 கி.மீ., இன்றும் பயணிகள் வண்டி ஓடுகிறது.