கழுத்து மெலிந்து தெரிய போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கல்யாணத் தேதி நெருங்கிவிட்டதா? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் இருப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். கல்யாணம் எனக்கல்ல, தம்பிக்கு. எங்கள் பக்கம் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் நாத்தனார். மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நான் எல்லா போட்டோவிலும் விழுவேன். தோள் தூக்கி, கழுத்தே இல்லாதது போன்ற என் உருவம் ஆல்பத்தில் வரக்கூடாது என்று ஒரு பிடிவாதம்.

போடாக்ஸை இப்படிக் கழுத்துக்காகப் போடுவது 2023-இல் பார்பி படம் வந்த சமயம்தான் பிரபலமானது. கழுத்துக் கொழுப்பை இது தொடவே தொடாது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசையில் போடுவார்கள். நரம்பிலிருந்து தசைக்கு வரும் உத்தரவை மருந்து மறித்துவிடும். வேலை இல்லாத தசை மெல்ல இளைக்கும், தோள் இறங்கும், கழுத்து நீண்டாற்போல் தெரியும். புருவச் சுளிப்புக்கு வழக்கமாக 20 யூனிட். எனக்கு இங்கே பக்கத்துக்கு 40, மொத்தம் 80. யூனிட் 300 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. பலவீனம் முதலில் வரும், மெலிவு பிறகுதான் வரும். இரண்டு வாரத்துக்குள் தசை தளர்ந்துவிடும். அது இளைத்துக் கண்ணுக்குத் தெரிய இன்னும் பல வாரங்கள் ஆகும். நான் போட்டுக்கொண்டது கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு! முகூர்த்தத்தன்று கழுத்து பழைய கழுத்தேதான், கைதான் போய்விட்டது. சீர்த்தட்டைத் தூக்க முடியவில்லை. முடிச்சுப் போடக் குனிந்தால் தலை கனத்துத் தொங்குகிறது. இரண்டாவது முடிச்சு நழுவி, அத்தை "என்னடி கை நடுங்குது?" என்று மேடையிலேயே கேட்டார். மூன்றாவது முடிச்சைச் சித்தி மகள்தான் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பார்க்க ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணாடியில் கழுத்து அழகாகத் தெரிந்தது. ஐந்தாவது மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

"எனக்கு நன்றாகத்தான் வேலை செய்தது" என்று யாராவது சொன்னால், இருக்கலாம், சண்டைக்கு வரவில்லை. நான் டாக்டரும் இல்லை. அழகுக்குச் செலவழிக்கிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை, புருவத்துக்கு நடுவே இன்றைக்கும் போட்டுக்கொள்கிறேன். அதற்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2002-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. கழுத்தின் முன்புறம் நரம்பு போலப் புடைக்கும் தசைப்பட்டைகளுக்கு 2024-இல் கொடுத்தது. தோளை மெலியவைக்க அந்த அனுமதி இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ, மயஸ்தீனியா போன்ற தசை நோய் இருந்தாலோ கிட்டவே போகாதீர்கள். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் கிளினிக்குக்கு போன் போட்டுக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இத்தனைக்கும் பிறகு வேண்டும் என்றால், விசேஷத்துக்கு மூன்று மாதம் முன்பே போடுங்கள். அந்த நாட்களில் கனமாக எதையும் தூக்காத வாழ்க்கையாக இருந்தால் நல்லது.

அப்புறம், அந்த ஆல்பம். இவ்வளவு பாடுபட்டது அதற்காகத்தானே? போட்டோக்காரர் எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் கோலமாவு பூசிவிட்டார். அப்பாவின் நிறம் போயிற்று, அம்மாவின் கன்னத்து மச்சமும் காணோம். கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் பண்றோம் அக்கா" என்கிறார். மீதி 15,000 ரூபாயை நான் இன்னும் கொடுக்கவில்லை.