படபடப்பு வராத காப்பிப்பொடி கிடைக்குமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி குடித்தாலே கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. சிக்கரி கூடப் போட்டால் சரியாகும் என்று கடையில் 60:40 கலந்து கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. காப்பியை விடவும் மனமில்லை. என்ன பொடி கேட்டு வாங்குவது? (தக்கலை வாசகர்)

பதில்: படபடப்பைத் தருவது காப்பியில் உள்ள கஃபீன். காப்பியோடு கலக்கும் வேர்ப்பொடியான சிக்கரியில் அது கிடையாது என்பது சரி. மீதி 60 பங்கு என்ன கொட்டை என்று கேட்டீர்களா? அராபிகாவில் கஃபீன் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2. முழுக்க ரொபஸ்டாவில் போட்ட 60:40 பொடி 20 கிராம் எடுத்தால் அதில் காப்பி 12 கிராம், கஃபீன் ஏறக்குறைய 264 மில்லிகிராம். அராபிகாவில் போட்ட 80:20 பொடியில் 16 கிராம் காப்பி இருந்தும் 192தான். ரொபஸ்டாவுக்கு விலை குறைவு, டிகாக்ஷனும் கெட்டியாக இறங்கும். கடைக்கலவைகளில் அது தாராளமாகப் புழங்குவது அதனால்தான்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "ரொபஸ்டா சேர்க்க வேண்டாம். பிளான்டேஷன் ஏ மட்டும், 80:20, ஃபில்டருக்கு அரைத்து 100 கிராம்." பிளான்டேஷன் என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா, ஏ என்பது கொட்டையின் அளவுத் தரம். பீபெரி என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அது உருண்டையாக விளைந்த கொட்டை, ரொபஸ்டாவிலும் உண்டு. வறுவல் கறுப்பாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் கஃபீனில் பெரிய வித்தியாசம் வராது. கசப்பை வைத்து வீரியத்தைக் கணக்கிட்டால் ஏமாந்து போவோம்.

அளவும் முக்கியம். தலைதட்டி எடுத்த 2 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 12 கிராம் பொடிக்கு, கொதித்து அடங்கிய தண்ணீர் 120 மில்லி. இந்த டிகாக்ஷன் இரண்டு பேருக்கு. ஆளுக்கு 58 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் போகாது. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். இட்லியோ புட்டோ சாப்பிட்ட பிறகு குடித்தால் சட்டென்று ஏறாது. பழகிய அளவை ஒரே நாளில் பாதியாக்கினால் அடுத்த நாள் தலைவலி வரும், ஆகவே ஒரு வாரமாகக் குறையுங்கள். காப்பி குடிக்காத நாளிலும் படபடப்பு இருந்தால் பொடியை மாற்றிப் பயனில்லை, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: டிகாஃப் வாங்கினால் நெஞ்செரிச்சல் நிற்குமா? (நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் நிற்காது. டிகாஃபில் எடுப்பது கஃபீனை. அதுவும் முழுக்கப் போவதில்லை, ஒரு கப்பில் சில மில்லிகிராம் மிஞ்சும். வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும் மற்ற பொருட்கள் அப்படியே இருக்கின்றன. தூக்கம் கெடுகிறவர்களுக்கு டிகாஃப் உதவும், நெஞ்செரிச்சல் நின்றுவிடும் என்று நம்பி அந்த விலை கொடுக்க வேண்டாம். குடித்ததும் வயிறு உப்புகிறதென்றால் வெறும் பாலை மட்டும் ஒரு நாள் குடித்துப் பாருங்கள். அப்போதும் உப்பினால் காப்பி மேல் பழி இல்லை. சிக்கரியில் உள்ள நார்ச்சத்தும் சிலருக்கு வாயு உண்டாக்கும்.

கேள்வி: ராத்திரி குடிக்கலாமே என்று சுக்கு காப்பிப்பொடி வாங்கினேன். தூக்கமே வரவில்லை. சுக்குக்கு அப்படி ஒரு குணம் உண்டா? (மார்த்தாண்டம்)

பதில்: சுக்கைக் குறை சொல்லாதீர்கள், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் காப்பிப்பொடி இருக்கும். நம் பக்கத்தில் சில வீடுகளிலும் கடைகளிலும் அதைச் சேர்த்துத்தான் சுக்கு காப்பி போடுகிறார்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இன்னும் கூடும்.

வீட்டிலேயே போடலாம். 40 கிராம் கருப்பட்டியைத் தட்டி 400 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்; அடியில் மண் தங்கும், அதைக் கொட்டிவிடுங்கள். அரை தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு தேக்கரண்டி தட்டிய மல்லி, நாலு மிளகு போட்டு ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். பால் வேண்டுமானால் அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பிறகு ஊற்றுங்கள். கருப்பட்டிக் கரைசலில் புளிப்பு இருக்கும், பாலோடு சேர்ந்து கொதித்தால் திரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கேள்வி: சாயாவுக்கு மாறிவிட்டால்? (குளச்சல்)

பதில்: ஒரு கிளாஸில் கஃபீன் குறைவு, 30 முதல் 50 மில்லிகிராம். ஆனால் கடை வாசலில் நின்று நாலு கிளாஸ் குடித்தால் கணக்கு காப்பியைத் தாண்டிவிடும். கர்ப்பிணிகள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும்.

கேள்வி: வாங்கிய பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. கேட்க முடியுமா? (நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி கலந்திருக்கிறதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே இறங்கும். எத்தனை சதவீதம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. எந்தக் கொட்டை என்று அச்சிடாத பாக்கெட்டை அராபிகா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் செய்வதானால் பில்லையும் பாதிப் பொடியுடன் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.