இரவு மச்சான் கல்யாணம், காலை எட்டு மணிக்கு ரோல் கால்: தீயணைப்பு ஓட்டுநரின் கேள்வி

கேள்வி: நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் ஓட்டுநர். போன மாதம் மச்சான் கல்யாணத்தில் இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு ஆஃப் இருக்கும். காலையில் குளித்து இட்லி சாப்பிட்டு எட்டு மணி டியூட்டிக்குப் போனேன், தெளிவாகத்தான் இருந்தேன். கூட வந்த நண்பரிடம் வாசனை வருகிறது என்று நிலைய அலுவலர் மெமோ கொடுத்துவிட்டார். டியூட்டியில் குடித்தால் தப்பு, சரி, முந்தின இரவு வீட்டில் குடித்தது எப்படித் தப்பாகும்? ஊதச் சொன்னால் மறுக்கலாமா? இருமல் சிரப் குடித்தாலும் கருவியில் காட்டும் என்கிறார்களே?

பதில்: முதலில் உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

ஆஃப் என்றால் 375 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பான், அதாவது உள்ளே போனது ஏறக்குறைய 125 கிராம் சுத்த ஆல்கஹால். நீங்கள் 70 கிலோ இருப்பீர்கள் என்று வைத்தால், கல்லீரல் வேலையைத் தொடங்காமலே இருந்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 265 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். கல்லீரல் மணிக்கு சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ஒன்பது மணியிலிருந்து எண்ணினாலும் காலை எட்டுக்குப் பதினொரு மணி நேரம், அதில் 165 போனது, மீதி 100 உங்கள் ரத்தத்திலேயே இருந்தது. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. அந்தக் காலையில் நீங்கள் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வைத்துக்கொண்டு வாட்டர் டெண்டரின் (தண்ணீர்த் தொட்டி வைத்த தீயணைப்பு வண்டியின்) ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறீர்கள். மதியம் பன்னிரண்டரை தாண்டித்தான் 30-க்கு இறங்கியிருக்கும், முழுசாகப் போக மூன்று மணி ஆகியிருக்கும்.

இதெல்லாம் சராசரிதான், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். குவார்ட்டரோடு நிறுத்தியிருந்தால் இதே உடம்புக்கு விடிகாலை ஐந்தரைக்குள் தீர்ந்திருக்கும், ஆனால் 55 கிலோ இருக்கிற ஒல்லி ஆளுக்கு அந்தக் குவார்ட்டரே எட்டு மணி வரைக்கும் இழுக்கும். குளியல், மோர், எலுமிச்சை, பிளாக் காபி, ஹால்ஸ் மிட்டாய் இவற்றில் எதுவும் அந்த 15-ஐ 16 ஆக்காது. காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை கலையாது, அந்த நிலையில் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதுதான் எனக்குப் பயமே.

இனி விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சைரன் வைத்த வண்டி, வைக்காத வண்டி என்று பார்க்காது. அவசர வண்டிகளுக்கு வேகத்திலும் சிக்னலிலும் சலுகை உண்டு, மதுவில் கிடையாது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் நிலைய அலுவலருக்கும் இதில் ஒரு கத்தி தொங்குகிறது: 188-ஆம் பிரிவின்படி, போதையில் ஓட்டத் தூண்டுபவருக்கும் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை. தெரிந்தே உங்களை வண்டியில் ஏற்றி அனுப்பினால் அவரும் மாட்டுவார். மெமோ கொடுத்தவர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினையுங்கள்.

முந்தின இரவு எப்படித் தப்பு என்று கேட்டீர்கள். குடித்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, டாஸ்மாக்கை நடத்துவதே அரசுதான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் 22-ஆம் விதி இதை நன்றாகவே பிரித்து எழுதியிருக்கிறது: பணி நேரத்தில் போதையின் பிடியில் இருக்கக் கூடாது, அதோடு எந்த நேரத்திலும் பணி அதனால் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு மாநில அரசின் 1973 நடத்தை விதிகள் என்றாலும் விஷயம் இதேதான். எப்போது குடித்தீர்கள் என்பது கேள்வியே இல்லை, டியூட்டிக்கு வரும்போது ரத்தத்தில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

நம் வேலையில் இது ஓட்டுநரோடு முடிவதும் இல்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லைதான், ஆனால் ஏணியில் ஏறப் போவது அவர், மூச்சுக் கருவி மாட்டி உள்ளே போகப் போவதும் அவர். மது சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை இறக்கிவிடும், அதன்மேல் கனமான கோட்டும் தீயின் சூடும் சேர்ந்தால் மயக்கம் சீக்கிரம் வரும். முகக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு ஏறும்போது முதலில் வருவது தலைவலி, குமட்டல், தடுமாற்றம். ஏற்கெனவே ஹேங்ஓவரில் இருக்கிறவனுக்கு அந்த மூன்றும் காலையிலிருந்தே இருப்பதால், புகை தன்னைப் பிடிப்பது தெரியவே தெரியாது, கூட இருப்பவன்தான் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

விமான நிலையத் தீயணைப்பில் இருப்பவர்களுக்கு இன்னும் கறார். 2019-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பைலட்டுகளைத் தாண்டி விமான நிலையப் பணியாளர்களையும் ஊதும் சோதனைக்குள் கொண்டுவந்தது.

ஊத மறுக்கலாமா? 203-ஆம் பிரிவில் ஊதச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் போலீஸுக்கும் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும்தான். உங்கள் அலுவலர் செய்யக்கூடியது, உங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி மருத்துவச் சான்று வாங்குவது. போகமாட்டேன் என்றால் மேலதிகாரியின் உத்தரவை மீறியதாகத் தனியாக ஒரு குற்றச்சாட்டு சேரும். போலீஸ் வழக்காக இருந்தால் 205-ஆம் பிரிவு வேறு இருக்கிறது, தகுந்த காரணம் இல்லாமல் மறுப்பதையே உங்களுக்கு எதிரான சாட்சியத்தை வலுப்படுத்தும் சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் குடிக்காதவர் மறுத்தால் அதைவிட முட்டாள்தனம் கிடையாது, கையில் இருந்த ஒரே ஆதாரத்தைத் தானே கிழித்துப் போடுகிறார்.

சிரப் விஷயம் பாதி உண்மை. ஆல்கஹால் கலந்த சிரப், மவுத்வாஷ், ஹோமியோபதி சொட்டு மருந்து, தசமூலாரிஷ்டம் மாதிரியான அரிஷ்டங்கள், இவையெல்லாம் குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் ஈரத்தையே கருவி பிடித்துக் காட்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள், மருந்தின் வேலையாக இருந்தால் அளவு விழுந்துவிடும், ஆஃப் அடித்ததாக இருந்தால் விழாது. சிரப்பில் உண்மையான ஆபத்து ஆல்கஹால் இல்லை, தூக்கம். சிரப்பில் கலந்திருக்கும் குளோர்பெனிரமின், கோடீன், அலர்ஜிக்கு நாமே கடையில் கேட்டு வாங்கும் செட்ரிசின், இவற்றைப் போட்டுக்கொண்டு வண்டி எடுக்காதீர்கள். டாக்டரிடம் நான் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் தூக்கம் குறைவாகத் தரும் மருந்தை எழுதுவார். முதுகுவலிக்கு நண்பர் கொடுத்தார் என்று டிரமடால் விழுங்குகிற பழக்கம் சில இடங்களில் பார்க்கிறேன். அது 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, சீட்டு இல்லாமல் பையில் வைத்திருந்தால் வலி வேறு இடத்தில் தொடங்கும். கஞ்சாவுக்கு இந்த மணிக்கணக்கெல்லாம் பொருந்தாது, தொடர்ந்து இழுப்பவருக்குச் சிறுநீரில் வாரக்கணக்கில் காட்டும், உட்கொள்வதே குற்றம் வேறு.

நடைமுறையில் என்ன செய்வது? கல்யாணம், துக்கம், கோயில் கொடை எல்லாம் முன்கூட்டியோ திடீரென்றோ வரத்தான் செய்யும். குடிக்கிற உத்தேசம் இருந்தால் மறுநாளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த இரவு தொடாதீர்கள். லீவில் இருக்கும்போது பெரிய தீ என்று திரும்பக் கூப்பிட்டு நீங்கள் அப்போது குடித்திருந்தால், போனிலேயே சொல்லிவிடுங்கள்: “சார், நான் சாப்பிட்டிருக்கேன், வண்டி எடுக்க முடியாது.” அதற்குத் திட்டு விழலாம். மறைத்து வந்து பிடிபட்டால் விழுவது திட்டு இல்லை. 1992-இல் பஞ்சாப் காவலர் ஒருவர் வழக்கில், சர்வீஸ் ரிவால்வரோடு குடித்துச் சுற்றிய ஒரே ஒரு சம்பவத்துக்காக வேலையிலிருந்து நீக்கியது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பல தடவை செய்திருக்க வேண்டும் என்று இல்லை.

தினமும் குடிக்கிறவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டியூட்டிக்காகத் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலச் சிக்கலையும் மனநோய்க்குள் சேர்த்திருக்கிறது, அதனால் மருத்துவ விடுப்பு கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாட்டிய பிறகு சிகிச்சை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மாட்டும் முன்னால் போங்கள்.

கடைசியாக நண்பரின் மெமோ. வாசனையை மட்டும் வைத்து மெமோ கொடுத்தது போதாது என்று வாதாடுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1971-இல் பச்சுபாய் கரியானி வழக்கில், ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் வாசனை, தள்ளாட்டம், விரிந்த கண்பாவை ஆகியவற்றை வைத்து மட்டும் போதை என்று முடிவுகட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது குற்ற வழக்கு. துறை விசாரணையில் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு’ நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் நண்பர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவச் சான்றை. ‘மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் பாதிப்பில் இல்லை’ என்று எழுதியிருப்பதற்கும் ‘பாதிப்பில் உள்ளார்’ என்று எழுதியிருப்பதற்கும் வேலை நிற்குமா போகுமா என்கிற அளவுக்கு வித்தியாசம். சான்றின் நகல், எத்தனை மணிக்குப் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்களா, மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், மெமோவில் கொடுத்த கெடு முடிவதற்குள் பதிலும் போய்ச் சேர வேண்டும். சான்றே எடுக்கவில்லை என்றால் அதையே பதிலின் முதல் வரியாக எழுதட்டும்.