உடைவது உடையட்டும்: பழைய அவுட்போர்டு மோட்டார் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வாப்பா அந்தக் காலத்தில் சிலோனிலிருந்து கொண்டுவந்த, படகின் பின்னால் மாட்டும் பிரிட்டிஷ் சீகல் மோட்டார் ஒன்று மாடியறையில் கிடக்கிறது. டேங்க் பித்தளை. கயிறு சுற்றி இழுத்தால் அசையவே மாட்டேன் என்கிறது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார், போட்டுவிடலாமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: போட்டுவிடாதீர்கள் சகோதரி. அவர் கண் அந்தப் பித்தளை டேங்க் மேலே இருக்கிறது. சீகல், இங்கிலாந்தில் பூல் என்ற ஊரில் செய்த மோட்டார். ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கெட்டுப்போவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் கிடையாது. கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் முதலில் துடைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த மாடல் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இறுகிய பிஸ்டனிடம் அவசரம் காட்டக் கூடாது. ப்ளக்கைக் கழற்றுங்கள், அந்த ஓட்டை மேலே பார்க்கும்படி மோட்டாரைச் சாய்த்து வையுங்கள், டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி மொட்டை மாடி வெயிலில் ஊறவிடுங்கள். தினமும் ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்த்தால் ஒருநாள் மயிரிழை நகரும், அப்புறம் தானாக வழிக்கு வரும். சுத்தியலைத் தூக்கினால் காரியம் கெட்டது. இன்னொன்று, அதில் உள்ள போல்ட், நட்டெல்லாம் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. மெக்கானிக் தம்பி மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதைக் கழற்றுவது பெரிய பாடு.

சுற்ற ஆரம்பித்ததும், ப்ளக்குக்குப் பொறி அனுப்பத் திறந்து மூடும் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தால் பொறி வந்துவிடும். பழைய சீகலுக்கு 10 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். புகை கிளம்பும், அக்கம்பக்கம் திட்டும், ஆனாலும் குறைக்காதீர்கள், பேரிங் அதை நம்பித்தான் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் பால் மாதிரி வெள்ளையாக வந்தாலும் பயப்பட வேண்டாம், சீகலில் தண்ணீர் உள்ளே போவது சகஜம். யமஹாவிலோ ஜான்சனிலோ அப்படி வந்தால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கேள்வி: தென்கடலில் (மன்னார் வளைகுடா) பாரில், அதாவது கடலடிப் பாறையில், அடித்து என் பழைய மோட்டாரின் ப்ரொப்பெல்லரில் ஒரு பிளேடு பாதியோடு போய்விட்டது. அந்த மாடலுக்குப் புதுசு எங்கும் கிடைக்கவில்லை. பழைய பிஸ்டன்களை உருக்கி வீட்டிலேயே வார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். மண் கடற்கரையில் கிடக்கிறது, கரி நம் ஊரில் மலிவு. பித்தளையில் வார்த்தால் இன்னும் உறுதியாக இருக்குமா?
— வாசகர், பாம்பன்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பித்தளை வேண்டாம். பித்தளை உருகும் சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி அடித்துப் போட்டுவிடும். உங்கள் மோட்டாரில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கால் அலுமினியம் என்றால் இன்னொரு கேடும் உண்டு: உப்புத் தண்ணீரில் பித்தளையும் அலுமினியமும் சேர்ந்து நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அதோடு, பாரில் அடிக்கும்போது பிளேடு வளையாமல் அடி முழுக்கக் கியருக்குப் போவது நல்லதா? ப்ரொப்பெல்லர் உடைந்தால் ஒரு செலவு, கியர் உடைந்தால் மோட்டாரே போச்சு.

அலுமினியத்தில் வார்க்கலாம். பிஸ்டன் நல்ல சரக்கு, அதில் சிலிக்கான் இருப்பதால் மெல்லிய இடத்துக்கும் உலோகம் ஓடிப் போகும். குளிர்பான டின், ஜன்னல் சட்டம் எல்லாம் சேர்க்காதீர்கள். பழைய வண்டி உதிரிகளில் பார்க்க அலுமினியம் மாதிரியே மெக்னீசியம் இருக்கும், அடுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசம். சந்தேகமான துண்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் தூக்கி எறியுங்கள்.

உடைந்த ப்ரொப்பெல்லரையே அச்சாக மண்ணில் அமுக்கினால் வருவது சின்னதாக இருக்கும். அலுமினியம் ஆறும்போது 1.3 சதவீதம் அளவுக்குச் சுருங்கும், 200 மில்லிமீட்டர் குறுக்களவில் இரண்டரை மில்லிமீட்டர் போய்விடும். நல்லபடியாக இருக்கும் பிளேடில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒரு அச்சு எடுங்கள். அதில் ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடும் ரெசினை வைத்து மூன்று பிளேடு செய்து நடுக்குடத்தில் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) ஒரே சாய்வில் ஒட்டி, மேலே பட்டி பூசிச் சற்றே பருமனாக்குங்கள், மண்ணில் அமுக்க வேண்டியது இதைத்தான். ரெசின் வேலைக்கு ஆள் நம் கரையில் எந்த ஊரிலும் உண்டு. நடு ஓட்டையை வார்க்க வேண்டாம், பிறகு லேத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கடற்கரை மண் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் ஆவியாகி வார்ப்பில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். சலித்த ஆற்று மணலில் பத்தில் ஒரு பங்கு பென்டோனைட் களிமண்ணும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடித்து நடுவில் ஒடித்தால் உதிராமல் இரண்டாக ஒடிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. பிளேடு மெல்லியது, முதலில் இறுகிவிடும். தடித்த குடம் கடைசியில் இறுகும்போது அதற்கு ஊட்ட உலோகம் இல்லையென்றால் உள்ளே பள்ளம் விழும். அதனால் குடத்துக்கு நேர் மேலே, அதைவிடப் பருமனாக ஒரு ரைசர், அதாவது உலோகம் தேங்கி நின்று ஊட்டும் குழி, விடுங்கள். வீட்டில் வார்ப்பவர்கள் பெரும்பாலும் இதில் கஞ்சத்தனம் செய்துதான் கெடுக்கிறார்கள்.

சீமைக்கருவேலங் கரியும் ஒரு ப்ளோயரும் இருந்தால் சூடு தாராளமாக வரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், 720 வாக்கில் ஊற்றலாம். வெயிலில் அதன் நிறத்தைப் பார்த்துச் சூட்டை ஊகிக்க முடியாது, வெள்ளி மாதிரியேதான் தெரியும், சூடு அளக்கும் மீட்டர் வாங்கிவிடுங்கள். வெறும் இரும்புச் சட்டியில் உருக்கினால் இரும்பு கரைந்து கலந்து வார்ப்பு நொறுங்கும், கிராஃபைட் மூசை வாங்குங்கள். அப்புறம், ஈரம். ஈரமான துண்டை உருகிய உலோகத்தில் போட்டால் வெடித்துச் சிதறும். சிமெண்ட் தரையில் சிந்தினாலும் அதே கதை, ஆகையால் காய்ந்த மணல் பரப்பின் மேல் நின்று வேலை செய்யுங்கள். போடும் துண்டையும் கிளறும் கம்பியையும் முன்கூட்டியே சூடாக்குங்கள். ரப்பர் செருப்போடு பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

வார்த்ததை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியை மெல்லியதாகப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு வழவழப்பான ஒரு கம்பியில் மாட்டிப் பாருங்கள், எப்போதும் ஒரே பிளேடு கீழே வந்து நின்றால் அதை அரமெடுத்துத் தேயுங்கள்.

என்னைக் கேட்டால், அச்சை மட்டும் வீட்டில் செய்துவிட்டு வார்ப்பதை மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு ஃபவுண்டரியில் கொடுத்துவிடுவேன். அச்சில்தான் மூளை வேலை, அது உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் வார்த்ததைக் கரையோரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தொழிலுக்குத் தூரம் போகும்போது அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி: அண்ணே, ப்ரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் உடைந்து உடைந்து, மாட்டி மாட்டி அலுத்துவிட்டது. இரும்பு ஆணியை வெட்டிப் போட்டுவிடலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: கூடாது தம்பி. பின் உடைவதற்கென்றே வைத்தது. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) ஆழம் குறைவு, மணல்திட்டில் தட்டத்தான் செய்யும். ஆணி தாங்கும், ஆனால் பின் தாங்க வேண்டிய அடியைக் கியர் வாங்கிக்கொள்ளும். அதே அளவு, அதே உலோகப் பின்னை நாலைந்து செய்து வைத்து, கட்டிங் ப்ளேயரோடு சேர்த்துப் படகிலேயே கட்டிவையுங்கள். சீகலில் இந்தப் பின்னுக்குப் பதில் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், அடி அதில் அடங்கிவிடும்.

கேள்வி: ஆக்சிலேட்டர் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை. ப்ரொப்பெல்லர் முழுசாக இருக்கிறது. கியர் போய்விட்டதா?
— கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: அதற்குள் கியரைப் பிரிக்காதீர்கள். குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும், அது வழுக்கலாம். உள் குடத்தையும் வெளிக் குடத்தையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு, காய்ந்ததும் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ்தான், மாற்றிவிடலாம்.

கேள்வி: 1950களின் ஜான்சன் மோட்டார், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பங்க் பெட்ரோல் போட்டால் கார்ப்பரேட்டர் ததும்பி வழிகிறது. என்ன காரணம்?
— வாசகர், மண்டபம்

பதில்: இப்போது பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய மோட்டார்கள் பலவற்றில், கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை தக்கையால் ஆனது, மேலே அரக்கு வார்னிஷ். தச்சரைக் கேளுங்கள், அரக்கைக் கரைக்க அவர் ஊற்றுவதும் ஆல்கஹால்தான். பூச்சு கரைந்த தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து அமிழ்ந்துவிட்டது, அதனால் வழிகிறது. தக்கையை நன்றாகக் காயவைத்து ஃபெவிக்விக்கை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஹோஸையும் புதிதாக மாற்றுங்கள். வேலை முடிந்து கரைக்கு வரும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்?

கேள்வி: மோட்டார் கழன்று கடலில் விழுந்துவிட்டது. எடுத்துவிட்டோம். மெக்கானிக் வர மூன்று நாள் ஆகும். வெயிலில் காயவைக்கலாமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: காயவைத்தால்தான் கெடும். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுசாக முக்கி வையுங்கள். நம் பக்கம் ஒரு டிரம் நல்ல தண்ணீர் என்றால் வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை. ஓடாமல் இருந்தபோது விழுந்திருந்தால், ப்ளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் கயிற்றைத் தொடாதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், பிரித்துப் பார்த்த பிறகு சுற்றுவதே சரி.